கடற்கரைச் சாலையா, செரினிட்டியா, தேவனாம்பட்டினமா?

அக்கா மகன் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்த இடம் தேடுகிறான். "மாமா, பாண்டி கடற்கரைச் சாலைப் பக்கம் பார்க்கட்டுமா, செரினிட்டி பீச்சா, இல்லை கடலூர் சில்வர் பீச்சா?" என்று கேட்டான். மூன்று இடத்துக்கும் அவனோடு போய் வந்தேன். விலை, வாடகைக் கணக்கெல்லாம் அவன் போட்டுக்கொள்வான். நான் பார்த்தது ஒன்றைத்தான்: மீனவர்கள் ஒரு ஃபைபர் படகை இழுத்துப் போட மணல் இருக்கிறதா, பக்கத்தில் வலை காயப்போட இடம் இருக்கிறதா?

கடற்கரைச் சாலையின் அழகைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாயங்காலம் 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவதால், சாலை நெடுகக் குழந்தையை நடுரோட்டில் ஓடவிடலாம். பின்னால் இருக்கும் வீதிகளில் பழைய வீடுகள் பலவற்றை இடிக்காமல் ஓட்டலாக்கியதால் ஊரின் முகம் கெடவில்லை. ஆனால் மணல்? 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். நம் கரையில் வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறதுதான் அதிகம். அது அந்தச் சுவரில் முட்டித் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் தேங்கிவிட்டது, வடக்கே இருந்த நகரத்துக்கு வரவேண்டிய மணல் வரவில்லை, கடல் கரையைத் தின்னத் தின்ன லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டினார்கள். அப்படித்தான் புதுச்சேரியில் ஒரு தலைமுறையே மணலில் கால் வைக்காமல் பாறைமேல் உட்கார்ந்து கடல் பார்த்து வளர்ந்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு போட்ட பிறகு, 2019 வாக்கில் கொஞ்சம் மணல் திரும்பியது. முதல் தடவை அதில் இறங்கி நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது, பொய் சொல்லவில்லை. இருந்தாலும் அங்கே படகு கிடையாது, வலை கிடையாது. உலாவப் போகும் இடம் அது, அவ்வளவுதான்.

செரினிட்டிக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் தந்திராயன்குப்பம். பாண்டி பாண்டி என்று எல்லோரும் வருகிறார்கள், இடம் தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டம் கோட்டக்குப்பத்தில் இருக்கிறது. காலை ஆறரை மணிக்குப் போனோம். நாலு பேர் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டின் காலை ஒவ்வொன்றாக ஒடித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அலைச்சறுக்குப் பலகையோடு வந்த பையன்கள் வலையை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். அதைப் பார்க்க நிறைவாக இருந்தது. திரும்பி வரும்போதுதான் வயிறு எரிந்தது. கரைக்குப் போகும் சந்தில் வாடகை ஸ்கூட்டர்கள் இரண்டு பக்கமும் நிற்க, ஐஸ் பெட்டி கட்டிய மொபெட் உள்ளே வர முடியாமல் ஒரு மீன்கார அம்மா பெட்டியை இறக்கித் தலையில் சுமந்துகொண்டு போனார். ஒவ்வொரு விடுதியும் தன் காம்பவுண்டை இன்னும் நாலடி தள்ளிக் கட்டினால் இந்தச் சந்தும் மிஞ்சாது. இன்னொன்று, இங்கே மணல் நிற்பது தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டிய கல்சுவர் போட்டதால். வடக்கே பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி பக்கம் கடல் வீடுகளைக் கொண்டுபோகிறதே, அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் தேவனாம்பட்டினம், அதாவது கடலூர் சில்வர் பீச். 1690இல் ஆங்கிலேயர்கள் மராட்டியரிடம் இங்கே கோட்டை வாங்கினார்கள், பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை நிலம் அவர்களுக்கு என்று பேச்சு. கடலூரில் குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் அந்தக் கதையை இன்னும் சொல்கின்றன. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தென்னாட்டில் தலைமையிடமே இதுதான். இன்றைக்குப் பார்த்தால் மிளகாய் பஜ்ஜிக் கடை, பட்டாணிச் சுண்டல், வரிசையாகப் படகு, அகலமான மணல். வசதி குறைவு என்பது உண்மை. தங்க நல்ல அறைகள் கம்மி, கழிப்பறை போதாது, நீரோட்டம் தெரியாமல் இறங்கினால் ஆபத்து. 2004 சுனாமியில் இந்த ஊர் பட்டது கொஞ்சமல்ல, அதனால் கடலை ஒட்டிக் கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் முகம் மாறிவிடுகிறது.

என்னைக் கேட்டால் மூன்றில் தேவனாம்பட்டினம்தான் மேல். மணலும் இருக்கிறது, மணலுக்கு உரியவர்களும் இருக்கிறார்கள். செரினிட்டியில் இப்போது நடப்பது இங்கே நடக்கவே கூடாது. 2019இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கமான கிராமப்புறக் கரைகளில் கட்டக்கூடாத தூரத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்திருக்கிறது. பையனிடம் சொல்லிவிட்டேன், நீ 50ஐ மறந்துவிடு, பழைய 200 மீட்டரையும் தாண்டி ஊர்ப் பக்கம் தள்ளிப் பார் என்று.

அன்று சாயங்காலம் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி: "மாசி மகத்துக்கு சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு இந்த வழியாத்தான் வரும். வழிய விட்டுக் கட்டுவியா தம்பி?" அவன் கட்டவே இல்லை. பெரியார் கல்லூரிப் பக்கம் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பேசியிருக்கிறான். ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு சுற்று போகட்டும், தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.