ஜிப் மாற்றிய கையோடு: என் 40 லிட்டர் பை, ஏழு வருடம் கழித்து

நேற்று பைக்கு ஜிப் மாற்றிக்கொண்டு வந்தேன். 350 ரூபாய். ஏற்கெனவே இரண்டு தடவை ரன்னர் (ஜிப்பில் இழுக்கிற பிடி) மட்டும் மாற்றியாயிற்று, இந்த முறை முழு ஜிப்பும் போய்விட்டது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, உங்க பை இப்போ தள்ளுபடியில பாதி விலைக்கு வருது, வாங்கலாமா?" முதல் தடவையாகத் தனியாக மேகாலயா பக்கம் கிளம்புகிறான். இருந்த எரிச்சலில் எதையோ சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

2018-ல் வாங்கினேன். அளவு, எடை, எத்தனை அறை என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கும். அங்கே போட்டிருக்காத ஒன்றைச் சொல்கிறேன். தனியாகப் போகிறவனுக்குப் பையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. இரண்டு பேர் போனால் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் போய்விட்டு வருவார். தனி ஆளுக்கு டீ வாங்க இறங்கினாலும் பை கூட வரவேண்டும், ஸ்டேஷன் கழிவறைக்கும் அதுதான் கதி. அங்கே தரை ஈரம், கதவில் கொக்கி உடைந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் என் பை ஜெயிக்கிறது. மேலே ஒரு கைப்பிடி வார் உண்டு. தாழ்ப்பாளிலோ ஜன்னல் கம்பியிலோ மாட்டுகிற அளவுக்கு நீளம். ஒன்பது கிலோவோடு ஏழு வருடம் தொங்கியும் ஒரு தையல் விடவில்லை. கழிவறைத் தரையை என் பை தொட்டதே இல்லை. வாங்கும்போது இந்த வாரை நான் கவனிக்கக்கூட இல்லை. இன்று பை வாங்கப் போனால் முதலில் இதைத்தான் இழுத்துப் பார்ப்பேன். ஸ்லீப்பரில் அப்பர் பெர்த் எடுத்து, பையைத் தலைமாட்டில் வைத்து, இதே வாருக்குள் கையை விட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

உள்ளே வைப்பது வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு பேன்ட், மூன்று சட்டை, உள்ளாடை, ஒரு ஈரிழைத் துண்டு, மருந்து, சார்ஜர். ஷேவிங் செட்டை நிறுத்திவிட்டேன். போகிற ஊரில் சலூனில் உட்கார்ந்தால் முகமும் சுத்தமாகும், எந்தக் கடையில் சாப்பிடலாம் என்பதும் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் விடவே மாட்டேன்: கைலி. ராத்திரிக்குப் போர்வை, குளிக்கும் இடத்தில் மறைப்பு, லாட்ஜ் தலையணை அழுக்காக இருந்தால் அதற்கு உறை. ஒரு தடவை பையைக் கட்டுகிற கயிறாகவும் ஆனது. அதைச் சொன்னால் ஜிப்பைச் சொல்லியே ஆகவேண்டும்.

அப்பா போன அடுத்த வருடம் காசிக்குப் போனேன். ஜனவரி, நல்ல குளிர். காலையில் இறங்கி ராத்திரி ரயிலில் திரும்புவதாகத் திட்டம். பையை க்ளோக் ரூமில் போட்டுவிட்டு, கங்கையில் முங்கி எழுந்து, நாள் முழுக்கக் கைவீசி நடக்கலாம் என்றுதான் போனேன். ஸ்டேஷனில் சால்வையை எடுத்துவிட்டு ஜிப்பை இழுத்தால், ரன்னர் முன்னால் போகிறது, பின்னாலேயே பல் பிளந்துகொண்டு வருகிறது. பூட்டாத பையை க்ளோக் ரூமில் வாங்க மாட்டார்கள். அது ரயில்வே விதி, அங்கிருந்தவர் மேல் தப்பில்லை. கைலியால் பையைக் குறுக்கே இறுக்கிக் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தசாஸ்வமேத கட்டத்தில் இறங்கி, படிகளின் வழியே தெற்கே நடந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரைப் பார்த்தபடி நிற்பேன். வாய் பிளந்த பையைப் படியில் விட்டுவிட்டு எப்படி முங்குவது? கேதார் கட்டம் தாண்டி, அரிச்சந்திர கட்டத்தில் எரிந்துகொண்டிருந்த சிதைகளைத் தாண்டி, அனுமான் கட்டத்துக்கு வந்தபோது தமிழ் காதில் விழுந்தது. படியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னையும் கைலிக் கட்டையும் பார்த்துவிட்டு, "நீங்க குளிங்க தம்பி, பையை நான் பாத்துக்கறேன்" என்றார். குளித்தேன். மூன்று முறை முங்கினேன். மூன்று முறையும் எழுந்ததும் கண் முதலில் பைக்குத்தான் போனது. அந்த நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டதற்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. அப்பாவை நினைக்க வேண்டிய நேரத்தில் ஜிப்பை நினைக்க வைத்ததற்காக இந்தப் பையைச் செய்தவர்கள் மேல் இன்னும் கோபம் போகவில்லை.

நேற்று ஜிப் மாற்றிய அண்ணன் பழைய ரன்னரைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் 5 என்று பொறித்திருந்தது. "இது சின்னப் பைக்குப் போடுற சைஸ் சார். இவ்வளவு பெரிய வாய்க்கு எட்டாவது போடணும், பத்துன்னா இன்னும் நல்லது" என்றார். எண் கூடக்கூடப் பல் அகலம் கூடும், இழுவையைத் தாங்கும். என் பை மூன்று பக்கமும் திறக்கிற மாடல். பை நிறைந்தால் மொத்த இழுவையும் இரண்டு மூலையில் வந்து நிற்கிறது, அந்த வளைவில் ரன்னர் வாய் அகன்றுவிடுகிறது. குறடால் ரன்னரின் இரண்டு ஓரத்தையும் லேசாக நெருக்கினால் ஒன்றிரண்டு மாதம் ஓடும். நானும் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் துணி, வார், தையல் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், பையை மூடுகிற ஒரே பொருளில் காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது பத்தாம் நம்பர் ஜிப் போட்டாயிற்று, இரண்டு ரன்னரிலும் பூட்டுக்கு ஓட்டை இருக்கிறது. நேற்று ராத்திரி நிறைய அடைத்து இருபது தடவை இழுத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போகிறது.

அக்கா மகனைத் திரும்பக் கூப்பிட்டு, வாங்காதே என்றேன். பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம். எந்தக் கடைக்குப் போனாலும் ரன்னரைத் திருப்பி எண்ணைப் பார், மேல் வாரை இழுத்துப் பார், அப்புறம் விலையைக் கேள் என்றேன். "அப்போ உங்க பையைக் குடுங்க மாமா, போயிட்டு வந்து தர்றேன்" என்றான்.

தர முடியாது என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை எனக்கு ரயில் இருக்கிறது.