டீ.பீ.சீ.யில் வருகிற சீ: ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு பற்றி ஒரு மேசன்

மூன்று மாதம். சனியும் ஞாயிறும் பின்னேரம் 3 மணி தொடக்கம் 5 மணி வரை. மாதம் 4,500 ரூபா, சேரும்போது 1,000 ரூபா வேறு. ரியூட்டுக்கு, அதுதான் பாடத்தாளுக்கு, காசில்லை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள், பிறகு போட்டோக்கொப்பி செலவென்று 600 ரூபா வாங்கினார்கள். இடம் மட்டக்களப்பு கல்லடியில் ஒரு மாடிக் கட்டடம். பெயர் எழுதமாட்டேன். குறையும் சொல்லப்போகிறேன், நாளைக்கு அதே ஒழுங்கையால்தான் வேலைக்குப் போகவேணும்.

எனக்கு ஊர் ஆரையம்பதி, வயது 51. 19 வயதில் கரண்டி பிடித்தவன். ஓ.எல். இங்கிலீசுக்கு எஃப். இந்த வயதில் என்னத்துக்கு வகுப்பு என்று மனிசியே கேட்டா. இப்போது இங்கே வீடு கட்டுகிற ஆட்களில் பாதிப்பேர் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். பிளான் வாட்ஸ்அப்பில் வரும். தகப்பன் தமிழில் கதைத்துக்கொண்டிருப்பார், நடுவில் மகனிடம் போனைக் கொடுத்துவிடுவார். அந்தப் பிள்ளை இங்கிலீசில் கேட்கிறதற்கெல்லாம் நான் "எஸ், எஸ்" என்பேன். அப்படிச் சொன்ன ஒரு எஸ்ஸுக்காகக் கட்டின சுவர் ஒன்றை என் செலவில் இடிக்கவேண்டி வந்தது. அந்தச் சுவருக்குப் போன காசோடு பார்த்தால் வகுப்புக் காசு பெரிதில்லை.

நோட்டீசில் '90 நாளில் சரளமான ஆங்கிலம்' என்று போட்டிருந்தது. 90 நாளும் முடிந்தது. எனக்குச் சரளம் வரவில்லை, சரளைதான் வந்தது. வாயைத் திறந்தால் கல்லும் மண்ணுமாகக் கொட்டுகிறது. முந்தி அதுவும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேணும்.

மேல்மாடி அஸ்பெஸ்டஸ் கூரை. சித்திரை வெயிலில் மூன்று மணிக்கு அங்கே இருந்தால் அவித்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி ஆகிவிடுவோம். இரண்டு மின்விசிறி, ஓடுகிறது ஒன்று. நாற்காலி பிளாஸ்டிக், எழுதப் பலகை இல்லை, மடியில் வைத்துத்தான் எழுதவேணும். 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் முதுகுக்கு ஒரு குஷன் கொண்டுபோங்கள். ரியூட்டில் பாதிப் பக்கம் மங்கல். கிரமர் எடுக்கிற சேர் அநேகமாக இருபது நிமிசம் பிந்தித்தான் வருவார், வந்ததும் காலத்துக்கு ஒரு கட்டம் போட்டுப் பன்னிரண்டு கட்டம் எழுதவைப்பார். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

நான் காசு கொடுத்ததற்குப் பலன் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான். அதை எடுக்கிறது ஒரு மிஸ், என் மூத்த மகளைவிட நாலைந்து வயதுதான் கூட. என்னை "அங்கிள்" என்பா, நான் "மிஸ்" என்பேன், இரண்டு பேருக்கும் கொஞ்சம் வெட்கம்.

நாலாவது ஞாயிறு. போர்டில் ஒரேயொரு சொல்லை எழுதினா. கோர்ஸ்.

"இது என்ன?"

"நாங்க படிக்கிறதுதான் மிஸ்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்.

"அது ஒண்டு. மிச்சத்தை உங்கட உங்கட வேலைக்குள்ள தேடிட்டு வாங்க. போனைப் பார்த்து எழுதினா எனக்குத் தெரியும்."

அடுத்த ஞாயிறு வகுப்பு சந்தை மாதிரி இருந்தது. காத்தான்குடியில் மருந்துக் கடையில் நிற்கிற தம்பிக்குத் தேடவே தேவையில்லை. அன்டிபயோட்டிக் கொடுக்கும்போது ஒரு நாளைக்குப் பத்துத் தரம் "கோர்ஸை முடிங்க, இடையில நிப்பாட்டாதீங்க" என்று சொல்லுகிறவர். இத்தனை நாளும் அதற்கும் படிக்கிற கோர்ஸுக்கும் ஒரே சொல் என்று யோசித்ததே இல்லையாம். மீன்பிடிக்கிற ஒருவர் படகு ஜீ.பீ.எஸ். திரையைப் படம் எடுத்துக் கொண்டுவந்தார், படகு போகிற திசைக்கு அதில் கோர்ஸ் என்றுதான் இருக்கிறது. மற்றவர்கள் ஆறு ஓடுகிற வழி, நுவரெலியாவில் குதிரை ஓடுகிற இடம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

வாழைச்சேனையிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை ஒன்று பாசிக்குடா ஹோட்டலில் பயிற்சிக்கு நிற்கிறா. அவ கொண்டுவந்தது சாப்பாட்டுக் கோர்ஸ். முதலில் சூப், அதை எடுத்த பிறகு பெரிய சாப்பாடு, அதையும் எடுத்த பிறகு இனிப்பு. ஒன்று முடிந்து பீங்கானைத் தூக்கும்வரை மற்றது வராது. மருந்துக் கடைத் தம்பிக்குச் சிரிப்பு. "எங்கட கலியாண வீட்டில ஒரு சகன் தட்டைச் சுத்தி ஆறு பேர் இருந்தா எல்லாம் ஒண்டாத்தான் வரும், இதில எது கோர்ஸ்?" என்றார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சோறு நடுவில், கறி சுற்றிவர, தயிர் கடைசியில். தயிரை ஒரு கோர்ஸ் என்று வைக்கலாமா என்று பத்து நிமிசம் கதை போனது. மிஸ் மறிக்கவில்லை, ஆனால் இங்கிலீசில்தான் சண்டைபிடிக்கவேணும் என்றா. நான் முதல்முதலாக இங்கிலீசில் சண்டைபிடித்தது தயிருக்காகத்தான்.

அதே பிள்ளைக்கு மிஸ் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தா. 'ஒஃப் கோர்ஸ்' என்பதை ஹோட்டலில் பார்த்துப் பாவிக்கவேணும். "தண்ணி கொண்டுவர ஏலுமா?" என்று கேட்கிறவருக்கு அப்படிச் சொன்னால் மரியாதை, "ஓம், தாராளமாக" என்கிற மாதிரி. "இங்க கடல் இருக்கா?" என்று கேட்கிறவருக்குச் சொன்னால் "இதுகூடத் தெரியாதா?" என்கிற மாதிரிப் போய்விடும். இந்த ஒரு விசயத்துக்கே அந்தப் பிள்ளை கட்டின காசு சரி.

என் முறை வந்தது. நான் பெரிய உசாரில் "கோர்ஸ் சேண்ட்" என்றேன். பருமணல். கொங்கிரீட்டுக்குப் போடுகிறது, பூச்சுக்கு ஆகாது.

"அது வேற சொல்லு அங்கிள். சத்தம் ஒண்டு, எழுத்து வேற. அதில ஓவுக்குப் பிறகு ஏ வரும், இதில யூ."

பின்னுக்கிருந்த சின்னப் பொடியன் ஒருவன் சிரித்தான். எனக்கு ஓ.எல். வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குக் காத்தான்குடிப் பெரிய தெருவில் நடுவில் நிற்கிற பேரீச்ச மரம் ஒன்றையும் பார்க்காமல் சைக்கிளை நேரே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மோட்டார் சைக்கிளைத்தான் சொல்கிறேன்.

இரவு சாப்பிடும்போது சின்ன மகளிடம் சொன்னேன். அவள் ஏ.எல். ரெக்னோலஜி படிக்கிறாள். அவள் போனை எடுக்கவே இல்லை.

"அப்பா, நீங்க அத்திவாரத்துக்கு மேல தார் பூசிறதுக்கு என்ன பேர்?"

"டீ.பீ.சீ."

"டீ.பீ.சீ. எண்டா என்ன?"

"டீ.பீ.சீ. எண்டா டீ.பீ.சீ.தான்."

32 வருசமாகப் போடுகிறேன். அத்திவாரம் கட்டி முடிந்ததும் ஒன்றுக்கு இரண்டு சாந்து, முக்கால் அங்குலக் கனம், காய்ந்த பிறகு சூட்டோடு தார் இரண்டு தரம், மேலே மணல் தூவல். அதற்கு மேலேதான் சுவர். எங்கள் பக்கம் வாவித் தண்ணி கால்மாட்டில் கிடக்கிறது. இதைப் போடாமல் கட்டினால் ஈரம் சுவருக்குள்ளால் ஏறும், இரண்டு மாரிக்குள் பெயின்ற் உரிந்து உப்புப் பூக்கும். எத்தனை பேரோடு இதற்காக வாய் கொடுத்திருக்கிறேன், தார்க் காசை மிச்சம் பிடிக்காதீங்க என்று. அந்தச் சீ சீமெந்தாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"டாம்ப் புரூஃப் கோர்ஸ் அப்பா. ஈரம் ஏறவிடாத வரி. கல்லுக் கட்டுறதில ஒரு வரிக்குக் கோர்ஸ் எண்டுதான் பேர்."

சோற்றில் கை அப்படியே நின்றது. அந்தச் சீக்காக இல்லை, திராய்மடு ஞாபகம் வந்துதான்.

2006. சுனாமியில் நாவலடி போன பிறகு அந்தச் சனத்துக்குத் திராய்மடுவில் வீடு கட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர். அந்தக் கிழமைதான் மேசன்மாருக்கு இரண்டு நாள் ட்ரெயினிங் கோர்ஸ் வரும், சேர்டிபிகேட்டும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். நான் கதவுக்கு மேலே வருகிற லிண்டல் மட்டத்துக்குக் கட்டிவிட்டுச் சாரத்தில் நிற்கிறேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு விரலைக் காட்டி "ஒன் மோர் கோர்ஸ்" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் "வென் சேர்?" என்றேன். "நவ், நவ்!" என்றார். நான் இறங்கி, கரண்டியைக் கழுவி, கைகால் கழுவி, சேட்டை மாட்டிக்கொண்டு, கொப்பி வாங்கக் கையாளைக் கடைக்கு அனுப்பிவிட்டு ஒப்பீஸ் கொட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன். அந்த மனிசனின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பிறகு ஆரோ வந்து இன்னொரு வரி வைக்கட்டாம் என்று தமிழில் சொன்னார்கள், ஏறி வைத்தேன். நான் ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று மட்டும் தெரிந்தது. என்ன பிழை என்று பதினெட்டு வருசம் கழித்துச் சோற்றுக்கு முன்னால்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு இதை வகுப்பில் சொன்னேன். பாதித் தமிழ், பாதி இங்கிலீஸ். சிரித்த பொடியன் இந்த முறையும் சிரித்தான், எனக்கும் சிரிப்பு வந்தது. மிஸ் என்னைப் போர்டுக்குக் கூப்பிட்டு சுவர் கீறச் சொன்னா. ஒன்பதங்குலச் சுவர் கீறினேன். கல்லை நீட்டுக்கு வைக்கிற வரி ஒன்று, தலை வெளியில் தெரிய வைக்கிற வரி ஒன்று, மாறி மாறி. இங்கிலீஷ் பொண்ட் என்று பெயர். எனக்கு இங்கிலீஷ் பொண்ட் 20 வயதிலேயே தெரியும், இங்கிலீஷ்தான் தெரியாமல் இருந்தது.

அதோடு மிஸ் ஒன்று செய்தா. "போன கிழமை அங்கிள் சொன்ன பருமணல் கோர்ஸை நான் வேற சொல்லு எண்டு சொன்னன். வீட்டில போய்ப் பார்த்தன். அதுவும் இதில இருந்து பிரிஞ்சதா இருக்கலாம் எண்டுதான் அகராதிக்காரர் சொல்றாங்க. வழக்கமா ஓடுற ஓட்டத்தில கிடைக்கிற சாமான், விசேசம் இல்லாதது, அப்பிடியே முரடு எண்டு கருத்து மாறிச்சாம். எழுத்தும் முந்தி ஒண்டாத்தான் இருந்ததாம்." சொன்னதைத் தேடிப்போய்ப் பார்த்து, வகுப்புக்கு முன்னால் திரும்பச் சொல்லுகிற வாத்தியாரை நான் படித்த காலத்தில் கண்டதில்லை. நட்சத்திரம் போடச் சொன்னால் இதற்கு மட்டும் ஐந்து.

பிறகு போர்டில் ஒரு மரம் கீறினா. அடியில் லத்தீன் சொல், ஓடுகிறது என்று கருத்து. அதிலிருந்து கோர்ஸ். கொரிடோர், ஆள் ஓடித் திரிகிற நடை. கரன்சி, கைக்குக் கை ஓடுகிறது. கரிக்குலம் என்றால் முந்தி தேரோட்டமாம். கரண்டும் அதே ஓட்டம்தான் என்று சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது. ஓடின ஒரு மின்விசிறியும் நின்றது.

அந்த வேர்வைக்குள் இருந்துதான் எனக்கு ஒன்று பட்டது. எங்கட கந்தோர்க் கடிதங்களில் கோர்ஸுக்குப் பாடநெறி, கற்கைநெறி என்று போடுவார்கள். ஏன் இந்த நெறி என்று எனக்கு விளங்கினதே இல்லை, ஏதோ ஒழுக்கம் சம்பந்தமாக்கும் என்று நினைத்திருந்தேன். நெறி என்றால் வழிதானே. இங்கிலீஸ்காரன் ஓட்டம் என்கிறான், நாங்கள் ஓடுகிற வழி என்கிறோம். சொன்னேன். மிஸ் தன் கொப்பியில் எழுதிக்கொண்டா. எழுதினதை நான் பார்த்தேன்.

'இன் டியூ கோர்ஸ்' என்பதையும் நான்தான் கேட்டேன். ஒரு கந்தோருக்கு மதில் கட்டிக் கொடுத்த காசு வரவேண்டிக் கிடக்கிறது, அங்கிருந்து வந்த கடிதத்தில் அப்படி இருந்தது. "உரிய காலத்தில்" என்று மிஸ் சொன்னா. அது எத்தனை நாள் என்று கேட்டேன். அதற்கு அகராதியில் விடை இல்லை.

ஆருக்குச் சரிவரும்? வேலை செய்கிற ஆட்களுக்கு, ஞாயிறு வகுப்புக்காக. சோதினை பாஸ் பண்ணவேணும் என்கிற பிள்ளைகள் வேறு இடம் பாருங்கள். சேர்டிபிகேட்டுக்கு ஆசைப்பட்டும் போகவேண்டாம், சட்டம் போட்டுத் தர 1,500 ரூபா கேட்கிறார்கள். எனக்கு என்.வி.கியூ. 3 என்கிற தொழில் சேர்டிபிகேட் இருக்கிறது, அது கைவேலையைச் சோதித்துத் தந்தது, ஒரு கோர்ஸும் படிக்காமல். சுவரில் அது ஒன்று போதும்.

சுவர் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தக் கட்டடத்தின் கீழ்ப் படிக்கட்டுச் சுவரில் இடுப்புயரத்துக்கு உப்புப் பூத்துக் கிடக்கிறது. முதல் நாளே கண்டேன். கடைசிக் கிழமை முதலாளி கூப்பிட்டு, "பாஸ், வருசா வருசம் பெயின்ற் அடிக்கிறன், நிக்குதில்ல, என்ன செய்யலாம்?" என்றார். மூன்றடி மூன்றடியாக அடிக்கல்லைக் கழற்றி, ஈரம் மறிக்கிற வரியைப் போட்டு, திரும்ப இறுக்கிக்கொண்டு போகவேணும், மெதுவான வேலை என்று சொன்னேன். எஸ்டிமேட் கேட்டார். முதல்முறையாக முழுதாக இங்கிலீசில் எழுதினேன். வழக்கமாக டீ.பீ.சீ. என்று மூன்றெழுத்தில் முடிக்கிற இடத்தில் மூன்று சொல்லையும் முழுசாகப் போட்டேன், யூவும் சரியான இடத்தில்.

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொருக்கால் பார்த்தார்.

"இதென்ன பாஸ், கோர்ஸ் எண்டு போட்டிருக்கீங்க? கோர்ஸ் நாங்கதானே நடத்திறம்?"