மீந்த பாஸ்தா: அடுப்பு மேடையா, ஃப்ரிட்ஜா, ஃப்ரீசரா?

காய்ந்த பாஸ்தாவைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஈரமும் பூச்சியும் அண்டாமல் மூடி வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. வெந்த பிறகு கதை வேறு. மீந்ததை எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது, மூன்றும் ஒன்றல்ல.

முதலில் அடுப்பு மேடை. "ராத்திரி மூடி வைத்துவிட்டுக் காலையில் நன்றாகச் சூடாக்கினால் போதும்" என்று நிறைய பேர் நம்புகிறார்கள். போதாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாவதில்லை, பாஸ்தா ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்குகின்றன, அந்த நச்சு 121 டிகிரி சூட்டில்கூட அழியாது. 2008ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் 20 வயது மாணவர் ஒருவர் ஐந்து நாள் வெளியே கிடந்த ஸ்பகெட்டி பாஸ்தாவை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டு, அன்று இரவே இறந்துபோனார். பரிசோதித்தபோது பாக்டீரியா இருந்தது ஸ்பகெட்டியில்தான், தக்காளி சாஸில் இல்லை. நாம் எப்போதும் சாஸைத்தானே சந்தேகப்படுவோம்!

சரி, ஃப்ரிட்ஜ்? நல்ல வழிதான், ஆனால் அது உண்மையிலேயே குளிர வேண்டும். 2003ல் பெல்ஜியத்திலேயே ஒரு வீட்டில் பாஸ்தா சாலட் சாப்பிட்ட குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போய், ஏழு வயதுச் சிறுமி இறந்தாள். அந்த சாலட் ஃப்ரிட்ஜில்தான் இருந்தது, ஆனால் ஃப்ரிட்ஜின் வெப்பநிலை 14 டிகிரி. 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அதோடு, ஆழமான பாத்திரத்தோடு அப்படியே உள்ளே தள்ளினால் மேலே சில்லென்று இருக்கும், கரண்டியை நடுவில் விட்டுப் பார்த்தால் வெகுநேரம் கழித்தும் சூடு தெரியும். தட்டையான டப்பாவில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள், நம் ஊர்க் கோடையில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

ஃப்ரீசர் பாதுகாப்பில் எல்லாவற்றையும் மிஞ்சும், மைனஸ் 18ல் எதுவும் வளராது. பதம்தான் போய்விடும். ஒரு நிமிடம் முன்னாலேயே இறக்கிக் குளிரவைத்து உறையவைத்தால் ஓரளவு தப்பிக்கும். என்னைக் கேட்டால் சாஸை மட்டும் ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு, பாஸ்தாவை அன்றன்றைக்கு வேகவைப்பதுதான் சிறந்தது, பத்து நிமிட வேலைதானே.

உணவகத்தில் அந்தப் பத்து நிமிடம்தான் பிரச்சினை. ஆர்டர் வந்த பிறகு வேகவைத்தால் ருசியும் பாதுகாப்பும் கூடுதல், ஆனால் கூட்ட நேரத்தில் கட்டுப்படியாகாது. அதனால் பலரும் முக்கால் பதத்தில் வேகவைத்து வைத்து, ஆர்டர் வந்ததும் கொதிநீரில் முக்கி எடுக்கிறார்கள். இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஐஸ் தண்ணீரில் உடனே ஆற்றி, நன்றாக வடித்து, ஒரு ஆள் அளவாகப் பிரித்து, தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியான முறைதான். அமெரிக்க உணவு விதிப்படி 57 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்திலும், அப்புறம் நான்கு மணி நேரத்துக்குள் 5க்கும் இறங்கியாக வேண்டும். என்னைக் கோபப்படுத்துவது வேறு: எண்ணெய் பிசறிய பென்னே பாஸ்தா, அடுப்புக்குப் பக்கத்திலேயே ட்ரேயில் மதியம் முழுக்கக் கிடப்பது. எண்ணெய் ஒட்டாமல் வைக்கும், கெடாமல் வைக்காது. பஃபேயிலும் இதே கதைதான், சூடான பாஸ்தா 60 டிகிரிக்கு மேலே ஆவி பறக்க இருக்க வேண்டும், சாலட் ஐஸ்மேல் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் வெதுவெதுப்பாக இருந்தால் தட்டில் போட்டுக்கொள்ளாதீர்கள்.