“லைசென்ஸ் வேண்டாம் அண்ணா” என்றார்: 42,500 ரூபாய்க்கு நான் வாங்கிய மான் செட்

சேலத்திலோ ஏற்காட்டு அடிவாரத்திலோ யாராவது “மான் செட்” என்ற பெயரில் துப்பாக்கியும் சாமான்களும் விற்க வந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 42,500 ரூபாயைத் தொலைத்தேன். போனது பணம் மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். மூன்று வாரம் உரிமம் இல்லாத ஆயுதத்தைப் பரண்மேல் வைத்துக்கொண்டு, அது தெரியாமலேயே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் நிலம் சேர்வராயன் மலையடிவாரத்தில் இரண்டரை ஏக்கர். பாதியில் குச்சிக்கிழங்கு, மீதியில் மழையைப் பார்த்து நிலக்கடலை. காப்புக்காட்டின் எல்லைக் கல் எங்கள் வரப்பிலிருந்து முந்நூறு மீட்டர் தூரம்கூட இருக்காது. கிழங்கைப் பன்றி தோண்டும், கடலைக் கொழுந்தைப் புள்ளிமான் மேயும். போன புரட்டாசியில் ஒரே இரவில் பத்து சென்ட் கடலை மொட்டையாகிவிட்டது. மறுநாள் காலை அந்த வரப்பில் நின்றவனுக்குத்தான் என் கோபம் புரியும். விரட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கும் ஆசையும் உள்ளே கொஞ்சம் இருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஓர் ஆசை.

தீவனக் கடையில் பழக்கமான ஒருவர் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். நகருக்குள் ஒரு மாடி அறை, பெயர்ப்பலகை கிடையாது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஆள் டீ வரவழைத்தார், “அண்ணா” என்று இருபது முறை சொன்னார், ஏதோ ஒரு மலைத் தோட்டத்துப் பங்களாவின் சுவரில் மான் கொம்புகள் மாட்டியிருக்கும் படத்தைச் செல்போனில் காட்டினார். “ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வாங்குகிறார்கள்” என்றார். வெள்ளைக்காரத் துரைகள் காலத்துக் கொம்புகளைக் காட்டி இந்தக் காலத்துத் துப்பாக்கியை விற்கிறார் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குழலை மடக்கிக் குண்டு போட்டுக் காற்று விசையில் சுடும் பாயிண்ட் 22 ஏர் ரைஃபிள் 21,000. குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் மாட்டும் தொலைநோக்கி, அதாவது ஸ்கோப் 9,500. இலை அச்சு போட்ட ஜாக்கெட் 3,200. டார்ச் 2,800. பெல்லட் என்னும் சிறு ஈயக் குண்டு இரண்டு டப்பா 1,000. கடைசியாக “அனுமதிச் செலவு” 5,000. அதற்கு ஓர் அட்டை கொடுத்தார். பச்சை ஓரம், நடுவில் சிங்கம் மாதிரி ஒரு முத்திரை, “பயிர்ப் பாதுகாப்பு உறுப்பினர்” என்ற எழுத்து, என் புகைப்படம், மேலே பிளாஸ்டிக் உறை. எந்த அலுவலகம் கொடுத்தது என்று அதில் எங்கும் இல்லை. பில் கேட்டதற்கு, “ஆயுதத்துக்கு பில் போட்டால் உங்களுக்குத்தான் தொந்தரவு” என்றார். இதையும் நம்பினேன்.

அவர் சொன்னவற்றில் பெரிய பொய் எது என்று இப்போது யோசித்தால், எல்லாவற்றிலும் ஓரத்தில் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருந்ததுதான் சாமர்த்தியம். ஏர் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்றார். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் பாயிண்ட் 177, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால்தான் உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும். என் தலையில் கட்டியது பாயிண்ட் 22, அதாவது 5.5 மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரில் நான் சட்டத்துக்கு வெளியே போய்விட்டேன்.

அடுத்து, “பன்றியைச் சுட அரசாங்கமே உத்தரவு போட்டுவிட்டது, பேப்பரில் பார்க்கவில்லையா?” என்றார். பார்த்திருந்தேன், தலைப்பை மட்டும். 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அந்த ஏற்பாட்டில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் அதுவும் கிடையாது. எங்கள் நிலம் முந்நூறு மீட்டரில் இருக்கிறது. அந்த உத்தரவில் விவசாயி கையில் துப்பாக்கி இல்லை, மான் என்ற பேச்சும் இல்லை.

ஸ்கோப்பின் கதை தனி. உடம்பில் “3-9x50” என்று பொறித்திருந்தது. “ஐம்பது மடங்கு பெரிதாகக் காட்டும் அண்ணா, காட்டுக்குள் நிற்கும் மானின் கண் இமையை எண்ணலாம்” என்றார். அதன் பொருள் மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை என்பதுதான். ஐம்பது என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டர் கணக்கில். பைனாகுலருக்கும் இதே கணக்குதான், 8x40 என்றால் எட்டு மடங்கு, 40 மில்லிமீட்டர் கண்ணாடி. வாங்கப்போகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஞாயிறு வரப்பில் பழைய எண்ணெய் டின்னை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். நாற்பது குண்டு போவதற்குள் ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் சிலுவைக் கோடு சாய்ந்துவிட்டது. அதைப் பிடித்திருந்த கிளிப்பும் குழலின் மேல் பின்னோக்கி நகர்ந்திருந்தது. போன் செய்தேன். “நீங்கள் அழுத்திப் பிடித்திருப்பீர்கள்” என்றார். இரண்டாவது முறை “ஆடி முடியட்டும் அண்ணா” என்றார். ஐப்பசியில் இருந்துகொண்டு ஆடியைச் சொல்கிறார். மூன்றாவது முறை எண் அணைக்கப்பட்டிருந்தது.

என் அக்கா மகன் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறான். அங்கே முறைப்படி மான் வேட்டைக்குப் போகிறவன். வீடியோ அழைப்பில் துப்பாக்கியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “மாமா, இதை யாரிடமும் காட்டாதீர்கள்” என்றான். சிரிப்பை அடக்குகிறானா பயப்படுகிறானா என்று தெரியவில்லை.

அவன் விளக்கியதைக் கேட்ட பிறகு என் முட்டாள்தனத்தின் அளவு புரிந்தது. ஸ்பிரிங் விசையில் இயங்கும் ஏர் ரைஃபிள், சுடும்போது பின்னால் உதைப்பதோடு நிற்காமல் உடனே முன்னாலும் குதிக்கும். சாதாரண ஸ்கோப்புகள் பின்னுதையை மட்டும் தாங்கும்படி செய்யப்பட்டவை. வெடிமருந்துத் தோட்டா போடும் பெரிய ரைஃபிளில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் ஸ்கோப்கூட ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் உதிர்ந்துவிடலாமாம். இதற்கென்றே செய்த ஸ்கோப் வேண்டும், கிளிப் நகராமல் தடுக்க ஒரு நிறுத்த ஆணி வேண்டும். பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்புகள் பெரும்பாலும் நூறு கஜத் தூரத்துக்குச் சரிசெய்து வருபவை. என் டின் இருந்தது இருபது கஜத்தில். கண்ணைச் சற்றே நகர்த்தினாலும் குறி மாறும்.

“மானுக்கு இது போதுமா?” என்று கேட்டேன், அறிவுக்காகத்தான். துப்பாக்கி சுடும் விளையாட்டில் பயிற்சி தரும் என் நண்பர் ஒருவரிடம் வேகம் அளக்கும் கருவி இருக்கிறது, அதில் அளந்து பார்க்கச் சொன்னான். பெட்டியில் வினாடிக்கு 1,000 அடி என்று ஸ்டிக்கர். கருவி காட்டியது 560 அடி. 14.3 கிரெயின் எடையுள்ள அந்தக் குண்டுக்குக் கணக்குப் போட்டால் பதின்மூன்றரை ஜூல் வருகிறது. அக்கா மகன் கையில் இருப்பது பாயிண்ட் 308, போல்ட் இழுத்துச் சுடும் ரைஃபிள். அதன் தோட்டா சுமார் 3,500 ஜூல் ஆற்றலோடு வெளியேறும். மானை வதைக்காமல் வீழ்த்தக் குறைந்தது ஆயிரம் அடி-பவுண்டு, அதாவது 1,350 ஜூலுக்குக் கொஞ்சம் மேல் வேண்டும் என்பது அங்குள்ள வேட்டைக்காரர்களின் பழைய அளவுகோலாம். என் 21,000 ரூபாய்ப் பொருளால் சுட்டால் மான் சாகாது. தொடையில் ஈயத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போய், புண் அழுகி எத்தனையோ நாள் கழித்துச் சாகும். இதைக் கேட்ட இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அவன் சொன்ன இன்னும் சிலவற்றையும் எழுதிவிடுகிறேன். பென்சில்வேனியாவில் முதன்முறை வேட்டை உரிமம் வாங்குகிறவர் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். ரைஃபிளால் மான் வேட்டையாடும் பருவத்தில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலத்துக்குக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும், மற்ற வேட்டைக்காரர் உங்களை மான் என்று நினைத்துவிடாமல் இருக்க. மானுக்கு அந்த ஆரஞ்சு பளிச்சென்று தெரியாது, நீலம்தான் நன்றாகத் தெரியும். எனக்கு விற்ற இலை அச்சு ஜாக்கெட்டோ கையை அசைத்தால் முறுக்குப் பொட்டலம் மாதிரி சரசரக்கிறது. மானுக்குக் காது எவ்வளவு பெரியது என்று குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போய்ப் பார்த்தாலே தெரியும். பருவம் தொடங்குவதற்கு முன்பே சுடுதளத்துக்குப் போய்க் குறியைச் சரிபார்த்துக்கொள்வானாம். புதிதாக வருகிறவர்கள் துப்பாக்கியில் பணத்தைக் கொட்டிவிட்டுக் காலணியில் மிச்சம் பிடிப்பதுதான் வழக்கமான தவறு, குளிரில் ஈரக்காலோடு யாராலும் ஒரு மணி நேரம்கூட அசையாமல் உட்கார முடியாது என்றான்.

இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. கொன்றால்தான் வேட்டை என்று நினைத்திருந்தேன். துரத்துவது, சுருக்கு வைப்பது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் இன்னும் கூடும்.

இதைச் சொன்னவர் வனவர். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு நான் கொடுத்திருந்த மனுவைப் பார்க்க வந்தவர் அவர். வரப்பில் துளை விழுந்த டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இந்த டார்ச்சும் துப்பாக்கியும் இரவில் உங்கள் கையில் இருந்தால், நீங்கள் கடலையைக் காவல் காக்கிறீர்கள் என்று நான் எப்படி ஐயா நம்புவது?” என்றார். அந்த அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதே மாதிரி ஒன்றை ஏற்கெனவே வேறோர் ஊரில் பார்த்திருப்பதாகச் சொன்னார். நல்ல மனிதர். அன்றே ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொன்னார்.

வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, “பில் இருக்கிறதா?” என்பதுதான். இல்லை. பணம் எப்படிக் கொடுத்தீர்கள்? 30,000 ரொக்கம், 12,500 செல்போன் வழியாக. அந்த 12,500 ரூபாயின் பதிவுதான் இன்றைக்கு என் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். அவர் சொன்னபடி துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். ஏமாற்றுக்குத் தனியே புகார் கொடுத்திருக்கிறேன். நாம் பேச்சில் சொல்லும் 420 இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டதாம். ஏமாற்றுக்காரனைத் திட்டுவதற்கு இனி அந்த எண்ணைப் பழக வேண்டும். ஸ்கோப்புக்கும் மற்ற சாமான்களுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஐந்து லட்சத்துக்குள் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும் என்றார். மாடி அறைக்கு மறுபடி போனபோது பூட்டியிருந்தது. வாடகைக்கு என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

விளையாட்டுக்காகப் பாயிண்ட் 177 ஏர் ரைஃபிள் வாங்க நினைப்பவர்கள் பெயர்ப்பலகை உள்ள கடைக்குப் போங்கள். உங்கள் அடையாளச் சான்றைக் கேட்காத கடையில் வாங்காதீர்கள். தயாரிப்பு எண்ணோடு பில் வாங்குங்கள், ஆற்றல் எத்தனை ஜூல் என்பது பெட்டியில் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள், மேலே ஒட்டிய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். என் பெட்டியில் அந்த ஸ்டிக்கருக்கு அடியில் வேறொரு ஸ்டிக்கர் இருந்தது.

நேற்று சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் போனை நீட்டிக்கொண்டே வந்தார். புதிய எண்தான், ஆனால் குரல் எனக்குத் தெரியும். “அண்ணா, மான் செட் ஒன்று வந்திருக்கிறது, அட்டையோடு சேர்த்து 39,000” என்றது. எண்ணைக் குறித்துக்கொண்டு இன்று காலை காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். பச்சை ஓரம் போட்ட அந்த அட்டை உங்களில் யாரிடமாவது இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், புகாரோடு சேர்க்க வேண்டும்.