சிவில் ஜட்ஜ் தேர்வுக்கு புதுச்சேரி மாலை வகுப்பு: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

புதுச்சேரி புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் நடக்கிற வகுப்பு இது. ஆறு மாதம், வாரம் ஐந்து நாள், மாலை 6.30 முதல் 8.30 வரை. கட்டணம் 24,000 ரூபாய், இரண்டு தவணை. வாசல் பேனரில் சிவப்புச் சுழல் விளக்கு வைத்த கார். அந்த விளக்கு 2017-லேயே ஒழிந்துபோனது, பேனர்காரருக்குத்தான் தெரியவில்லை. குறைகளும் சொல்லவேண்டியிருப்பதால் பெயர் வேண்டாம்.

படிப்பு முடித்த கையோடு பணம் கட்ட வருகிறவர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால், சிவில் ஜட்ஜ் ஆக மூன்று ஆண்டு வக்கீல் தொழில் அனுபவம் மறுபடி கட்டாயமாகிவிட்டது. பார் கவுன்சிலில் வக்கீலாகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அந்த மூன்று ஆண்டைக் கணக்கிடலாம், நீதிபதியிடம் சட்ட எழுத்தராக வேலை பார்த்த காலமும் சேரும். காலாப்பட்டு சட்டக் கல்லூரியில் இந்த வருடம் முடித்தவருக்கு இந்த வகுப்பு இப்போதைக்குத் தேவையில்லை. சேர்க்கை மேசையில் இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். 'தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும்' என்று விளம்பரம் செய்கிறார்கள். இரண்டும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ்தான் வருகின்றன, ஆனால் ஆளெடுப்பும் அறிவிப்பும் தனித்தனி. நடத்துவது முழுக்க டி.என்.பி.எஸ்.சி. பாடத்திட்டம்.

அந்தப் பாடத்திட்டத்தில் முதல்நிலைத் தேர்வைத் தாண்டினால், முதன்மைத் தேர்வில் தலா 100 மதிப்பெண்ணுக்கு நான்கு தாள், பிறகு 60 மதிப்பெண்ணுக்கு நேர்காணல். முதல்நிலைக்கு இங்கே நன்றாகவே தயார்செய்கிறார்கள். தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் என்ற பழைய மூன்று சட்டங்களையும் 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதியவற்றையும் பக்கம் பக்கமாக வைத்த ஒப்பீட்டு அட்டவணை தருகிறார்கள்: கொலைக்கான 302 இப்போது 103, மோசடிக்கான 420 இப்போது 318(4), மின்னணுச் சான்றுக்கான சாட்சியச் சட்டம் 65பி இப்போது 63. இந்த அட்டவணைக்கே பாதிக் காசு கொடுக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி குற்றச்சாட்டு வனைய உட்கார்ந்தால் சறுக்கும். கேள்வியில் சம்பவத் தேதி 2024 ஜூன் என்று இருந்தால் குற்றப்பிரிவு இந்திய தண்டனைச் சட்டம்தான். பிரிவைப் பார்க்குமுன் தேதியைப் பார்க்கவேண்டும் என்பதை வகுப்பில் ஒரே ஒரு நாள்தான் சொல்கிறார்கள். தினமும் சொல்லவேண்டிய விஷயம்.

வகுப்பின் உச்சம் மொழிபெயர்ப்புத் தாள். பாடம் எடுப்பவர் நீதிமன்றத் தமிழிலேயே ஊறியவர் என்பது இரண்டாவது நாளே தெரிந்துவிடும். கிரயப் பத்திரச் செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை சொல்லும் பகுதியில், 'பொதுப் பாதைக்கு வடக்கு' என்று வந்தால், மனைக்கு வடக்கே பாதை என்று பொருளல்ல. மனைதான் பாதைக்கு வடக்கே இருக்கிறது, அதாவது பாதை தெற்கு எல்லை. பத்துப் பேரில் பாதிப் பேர் நான்கு எல்லையையும் தலைகீழாக்கி எழுதுகிறார்கள். குறுக்கு விசாரணையும் அப்படித்தான். 'அந்த மனையில் நான் ஒருநாளும் குடியிருந்ததில்லை என்று சொன்னால் சரியல்ல' என்பதில் கடைசி மூன்று சொல்லை விட்டுவிட்டால், வா.சா.1 (வாதி தரப்பு முதல் சாட்சி) தன் வழக்கைத் தானே ஒப்புக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். இப்படி நாற்பது வாக்கியம் கொண்ட பயிற்சித் தாளை வாரம் ஒருமுறை தந்து, சிவப்பு மையில் திருத்தித் திருப்பித் தருகிறார்கள்.

எழுவினா (வழக்கில் நீதிமன்றம் முடிவுசெய்யவேண்டிய கேள்வி), தீர்ப்பு எழுதும் தாள்களில்தான் வகுப்பு படுத்துவிடுகிறது. மாதிரி விடை கொடுக்கிறார்கள், மாணவர் எழுதியதை ஆறு மாதத்தில் மூன்றே முறைதான் திருத்துகிறார்கள். தீர்ப்பு எழுதுவது சைக்கிள் மாதிரி, பார்த்து வராது. ஒரு மனைத் தகராறு: வாதி நிரந்தர உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) மட்டும் கேட்கிறார், பிரதிவாதி தானே அதே மனையைக் கிரயம் வாங்கியதாகச் சொல்லி வாதியின் உரிமையையே மறுக்கிறார். 'பிரதிவாதிக்கு மனையில் உரிமை இல்லையா?' என்று பலர் எழுவினா வனைகிறார்கள். மெய்ப்பிக்கும் சுமை அங்கேயே இடம் மாறிப்போகிறது. முதலில் வரவேண்டியது, வழக்கு தாக்கல் செய்த நாளில் மனை வாதியின் அனுபோகத்தில் இருந்ததா என்பது. அடுத்தது, விளம்புகைப் பரிகாரம் (உரிமை தனக்கே என்று அறிவிக்கும் தீர்ப்பு) கோராத வழக்கு நிலைக்கத்தக்கதா என்பது. இதற்கு 2008-இல் உச்ச நீதிமன்றம் தந்த அனதுல சுதாகர் தீர்ப்பைப் படிக்காமல் தேர்வுக்குப் போகவே கூடாது. அந்தப் பெயர் இவர்கள் நோட்ஸில் ஒரு வரியாக இருக்கிறது, விளக்கம் இல்லை.

இன்னொரு வழக்கமான விபத்து நேரம். மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் வழக்குரையையும் (வாதியின் மனு) எதிருரையையும் (பிரதிவாதியின் பதில்) திரும்பச் சொல்வதிலேயே போகிறது. ஒவ்வொரு எழுவினாவுக்கும் காரணத்தோடு முடிவு வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 20, அதற்கு அரைப் பக்கம்தான் மிஞ்சுகிறது. குற்றவியல் தீர்ப்பில், குற்றவாளி என்று முடிவுசெய்தபின் தண்டனை பற்றி எதிரியிடம் (குற்றம் சாட்டப்பட்டவரிடம்) கேட்டதைப் பதிவுசெய்ய மறக்கிறார்கள். அபராதம் கட்டத் தவறினால் எவ்வளவு சிறை, ஏற்கெனவே காவலில் இருந்த நாட்களைக் கழிப்பது, சான்றுப் பொருட்களை என்ன செய்வது என மூன்று வரி கடைசியில் வராவிட்டால் தீர்ப்பு முடிந்ததாகவே ஆகாது.

நேர்காணல் பயிற்சி சுமார். கோட்டு, டை, 'குட் மார்னிங் சார்' என்ற அளவில் நிற்கிறது. தொடக்கச் சம்பளம் 77,840 என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பணியில் சேர்ந்ததும் வழக்கு விசாரிக்க விடமாட்டார்கள், முதலில் ஓராண்டு பயிற்சி என்பதைச் சொல்வதில்லை.

கடலூரிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸையும் கணக்கில் சேர்க்கவேண்டும். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை சிக்கலில்லை, மாலையில் அரியாங்குப்பத்தில் நெரிசல். மொழிபெயர்ப்புக்கு மட்டும் தனியாகச் சேரமுடியுமா என்று கேளுங்கள், பேசினால் பாதிக் கட்டணத்துக்கு இறங்குகிறார்கள். தீர்ப்பு எழுதும் பயிற்சிக்குச் செலவே வேண்டாம். நீதிமன்றங்களின் அரசு இணையதளமான இ-கோர்ட்ஸில் கடலூர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஆணைத் தேதி வைத்துத் தேடினால் சார்பு நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கும். வழக்குரை, எதிருரைச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மீதியை மூடிவையுங்கள். எழுவினாவை நீங்களே வனைந்தபிறகு திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு போதும்.