நிலத்தடி நீர் மாசு: பம்பா, இரும்பா, நுண்ணுயிர்ப் படலமா?

உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஆலைகள் பல்லாண்டு பயன்படுத்திய கரைப்பான் ட்ரைகுளோரோஎத்திலீன். தண்ணீரைவிடக் கனமானது, சிந்தினால் மண்ணுக்குள் இறங்கிக் களிமண் அடுக்கின் மேல் தேங்கிவிடும். அமெரிக்கக் குடிநீர் விதிப்படி லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான் உச்சவரம்பு.

தண்ணீரை இறைத்து மேலே சுத்திகரிப்பது பழைய வழி. ஆரம்பத்தில் மாசு மளமளவென்று குறையும், அப்புறம் இழுபறிதான். களிமண்ணில் ஊறிய நஞ்சு மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். பம்பை நிறுத்தினால் அளவு மறுபடி ஏறும். பரவாமல் பிடித்துவைக்கச் சரி, வேலையை முடிக்க உதவாது.

இரும்புச் சுவர் என்றால் நீரோட்டத்துக்குக் குறுக்கே அகழி வெட்டி இரும்புத் துகளை நிரப்புவது. இரும்பு துருப்பிடிக்கும்போது கரைப்பானிலிருந்து குளோரின் கழன்றுவிடும். 1990களின் நடுவில் கலிபோர்னியாவின் சன்னிவேலில் இப்படி ஒன்றை அமைத்தார்கள். பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஆனால் மாசு மிக ஆழத்தில் கிடந்தாலோ, மேலே கட்டடம் நின்றாலோ எங்கே தோண்டுவது?

நுண்ணுயிர்ப் படலம் என்றால் மண்ணுக்குள் பாக்டீரியாவை ஒட்டும் பிசினோடு வளரவிட்டு எழுப்பும் சுவர். அதற்கு வரிசையாகச் சில ஆழ்துளைக் கிணறுகள் போதும். சிக்கல் என்னவென்றால், கொழுத்த பாக்டீரியாவைச் செலுத்தினால் கிணற்றடியிலேயே ஒட்டி அடைத்துக்கொள்ளும். மொண்டானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். பட்டினியில் செல் சுருங்கும், பிசின் குறையும், மண்ணுக்குள் வெகுதூரம் போகும். பிறகு உணவைச் செலுத்தினால் போன இடத்திலேயே பெருகி, பிசின் சுரந்து மணலின் துளைகளை அடைத்துவிடும். நீர் ஊடுருவும் திறன் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

ஆனால் துளையை அடைப்பது ஒரு வேலை, மாசைத் தின்பது இன்னொரு வேலை. இறுக அடைத்தால் தண்ணீர் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். சுத்தம் செய்ய வேண்டுமென்றால் தண்ணீரை ஓடவிட வேண்டும். கலிபோர்னியாவின் போர்ட் ஹுவானிமி கடற்படைத் தளத்தில், பெட்ரோலில் கலக்கும் எம்டிபிஇ என்ற சேர்மத்தை அப்படித்தான் கையாண்டார்கள்: பாக்டீரியாவுக்கு நிலத்தடியில் ஆக்சிஜன் ஊட்டி, கடந்துபோகும் நீரிலிருந்து அதைத் தின்ன வைத்தார்கள்.

ட்ரைகுளோரோஎத்திலீன் அவ்வளவு எளிதல்ல. அதைத் தீங்கில்லாத எத்திலீன் வரை சிதைக்கும் டீஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனே ஆகாது. இந்த பாக்டீரியா இல்லாத இடத்தில் சிதைவு பாதியில் நின்று வினைல் குளோரைடு மிஞ்சலாம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள், முதலில் இருந்ததைவிட மோசம்.

ஆகவே அகழி வெட்ட முடிகிற இடத்தில் இந்தக் கரைப்பானுக்கு என் தேர்வு இரும்புதான். வெட்ட முடியாத ஆழத்துக்குப் படலம். ஆனால் தீனியை நிறுத்தினால் சுவர் மெலியும், அந்தக் கிணறுகளை மூட முடியாது.