ஈஸ்டர் பருவத்தில் டர்பன்: கடற்கரை ஓட்டலா, உறவினர் வீடா, மேட்டு விடுதியா?

புனித வெள்ளியன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கேயுள்ள இசிப்பிங்கோ மாரியம்மனுக்கு வேண்டுதல் செலுத்த ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் பிரிட்டோரியாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து உறவைத் தேடி வருபவர்களும் அந்த நாள்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். அண்மைக் காலத்தில் டர்பனைத் தாக்கிய பெருவெள்ளங்களுள் இரண்டு இதே பருவத்தில்தான் வந்தன. 2019இல் ஈஸ்டர் திங்களை ஒட்டிப் பெய்த மழையில் ஏறத்தாழ எழுபது பேர் இறந்தனர். 2022இல் புனித வெள்ளிக்குச் சில நாள் முன்னதாக, ஏப்ரல் 11, 12 தேதிகளில், மவுண்ட் எட்ஜ்கம்ப் பகுதியில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேல்வானக் காற்றோட்டத்திலிருந்து துண்டுபட்டு நகராமல் நிற்கும் குளிர்ந்த தாழ்வழுத்தமும், வெதுவெதுப்பான இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் சேரும்போது இப்படிப்பட்ட மழை பெய்கிறது. ஆகவே இந்தப் பருவத்தில் வருபவர்கள், இரவில் எந்த இடத்தில் படுத்து உறங்குவது என்பதை டிக்கெட் எடுக்கும்போதே யோசிப்பது நல்லது.

கடற்கரை ஓட்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடலைப் பார்த்து நிற்கும் கட்டடம் என்பதால் பலர் அதை ஆபத்தானதாக நினைக்கிறார்கள். 2007 மார்ச்சில் பேரலைகள் இந்தக் கரையோரத்தை அரித்து, வடக்கேயுள்ள பாலிட்டோ பக்கம் பெருஞ்சேதம் விளைவித்தது உண்மையே. ஆனாலும் டர்பன் கடற்கரையின் ‘கோல்டன் மைல்’ பகுதியிலுள்ள ஓட்டல்கள் உறுதியான கான்கிரீட் கட்டடங்கள். அவற்றுக்குப் பின்னால் சரியக்கூடிய மலைச்சரிவு கிடையாது. பெரும்பாலானவற்றில் ஜெனரேட்டரும் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. அங்கே நேரக்கூடியவை தரைக்குக் கீழுள்ள வண்டி நிறுத்தத்தில் நீர் புகுவதும், உம்கேனி ஆறு அடித்துவரும் கழிவால் கடற்கரை மூடப்படுவதும்தான். உயிருக்கு ஆபத்து குறைவு, செலவு அதிகம், உறவினரிடமிருந்து தூரமும் அதிகம்.

நம்மவர்கள் முதலில் நாடுவது உறவினர் வீட்டைத்தான். சொந்தம் இருக்கும்போது ஓட்டலில் தங்கினால் பெரியம்மாவுக்கு மனவருத்தம் வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அந்த வீடு, இந்தியர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே பாதுகாப்பு அமையும். ஒவ்வோர் இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற நிறவெறி ஆட்சியின் இனவாரிப் பகுதிச் சட்டத்தின் கீழ்க் கேட்டோ மேனர் முதலிய இடங்களிலிருந்து அகற்றப்பட்ட இந்தியர்களுக்காக 1960களில் எழுப்பப்பட்ட சாட்ஸ்வொர்த், உம்லட்டுசானா, உம்லாஸ் ஆகிய இரண்டு ஆறுகளுக்கு நடுவே மேடும் பள்ளமுமான நிலத்தில் கிடக்கிறது. சரிவை வெட்டிச் சமப்படுத்தி, வெட்டிய மண்ணையே முன்பக்கம் கொட்டி நிரப்பி, அதன்மேல் வீடு கட்டுவது அங்கே வழக்கம். டர்பனின் கடலோர மேடுகளில் காணப்படும் செம்மணல், காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நின்றாலும், நீரில் ஊறிவிட்டால் பிடிப்பை இழந்து சரிந்துவிடும். 2019இலும் 2022இலும் பலரைக் கொன்றது ஆற்று வெள்ளம் மட்டுமல்ல. இரவில் வீட்டின்மேல் சரிந்த மண்ணும் சுவரும்தான்.

எனவே உறவினர் வீட்டுக்குப் போனதும், பகல் வெளிச்சத்திலேயே பின்பக்கத்துத் தாங்குசுவரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதன் அடிப்பகுதியில் நீர் வடிவதற்கான துளைகள் இருக்கின்றனவா, அவை மண்ணும் வேரும் அடைத்துக் கிடக்கின்றனவா, சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறதா, மேல்விளிம்பில் புதிய விரிசல் ஓடுகிறதா என்று கவனிக்க வேண்டும். மழை பெய்யும்போது துளைகளிலிருந்து தெளிந்த நீர் வடிந்தால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. செந்நிறமாகக் கலங்கி வந்தால் பின்னாலிருக்கும் மண் நகரத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். நேற்றுவரை எளிதாகத் திறந்த கதவு திடீரென்று இறுகினாலோ, தரையும் சுவரும் சேரும் இடத்தில் கீறல் விட்டாலோ, அந்த வீட்டில் அன்றிரவு யாரும் தங்கக் கூடாது. விருந்தாளிக்கு வழக்கமாகப் பின்னறையைத்தான் ஒழித்துக் கொடுப்பார்கள். கனமழை இரவில் சரிவைப் பார்த்த அந்த அறையை விட்டு, முன்கூடத்தில் பாய் விரித்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

உறவினர் வீட்டுக்கு ஒரு பெரிய பலமும் உண்டு. எந்த ஓட்டலாலும் அதைக் கொடுக்க முடியாது. எந்தத் தாழ்பாலம் முதலில் மூழ்கும், எந்தத் தெருவில் நீர் தேங்கும் என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் செய்தி உடனே வந்துவிடும். பால்மியட் ஆற்றோரத்திலுள்ள குவாரி ரோடு குடிசைப் பகுதியில், குடியிருப்பாளர்களுக்கு நேரடியாக எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு 2022க்கு முன்பே இருந்தது. அந்த வெள்ளத்தில் மக்கள் முன்கூட்டியே மேடேறித் தப்பினார்கள். இன்னும் பழைய சான்று 1917. அந்த அக்டோபரில் உம்கேனி பெருகி, கரையோரத்தில் காய்கறி பயிரிட்ட நம்மவர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டபோது, மாரிமுத்து படவட்டானும் அவரோடு சேர்ந்த ஐந்து மீனவர்களும் தங்கள் படகிலேயே திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். இந்த ஊரில் அக்கம்பக்கம் என்பது வெறும் பேச்சல்ல.

மூன்றாவது, பெரேயா, கிளென்வுட், வெஸ்ட்வில் போன்ற பகுதிகளில் மேட்டின் உச்சியிலுள்ள சிறு விருந்தினர் விடுதி. அங்கே ஆற்று வெள்ளம் எட்டாது. உச்சிச் சமதளத்தில் நிற்கும் வீட்டின்மேல் சரிவதற்கு மேலே மண்ணும் கிடையாது. ஆனால் விளம்பரத்தில் ‘கடல் தெரியும் அறை’ என்று போட்டிருந்தால், அந்த வீடு உச்சியில் இல்லாமல் சரிவின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கலாம். வரைபடத்தில் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். தண்ணீர் நின்றுபோகும் நாள்களுக்கு ஜோஜோ என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளலாம். 2022இல் டர்பனுக்கு வடக்கேயுள்ள டொங்காட்டின் நீர்சுத்திகரிப்பு நிலையம் வெள்ளத்தில் அழிந்து, அவ்வூர் மக்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள்.

முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் என் தேர்வு மேட்டு விடுதிதான். பகலெல்லாம் உறவினர் வீட்டில் இருந்து, சாப்பிட்டு, பேசிக் களித்துவிட்டு, இரவில் மேட்டுக்குத் திரும்பிவிடலாம். உறவினர் வீடே மேட்டு உச்சியில், பின்னால் சரிவில்லாமல் இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். அதுவே மூன்றிலும் சிறந்தது. சரிவுக்கு அடியிலோ ஓடைக்கு அருகிலோ இருந்தால், பெரியம்மா கோபித்துக்கொண்டாலும் கடற்கரை ஓட்டலே மேல்.

எங்கே தங்கினாலும் வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பார்த்தே வண்டியை எடுக்க வேண்டும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற மூன்று நிறங்களுக்குள், ஒன்று முதல் பத்து வரையான நிலைகளில் அது தரப்படுகிறது. 2022இல் அது கட்டம் கட்டமாக உயர்த்தப்பட்டபடியால், ஆரஞ்சு வந்ததுமே பயணத்தை நிறுத்திவிடுவதுதான் சரி. இசிப்பிங்கோவும் அதையடுத்த பிராஸ்பெக்டனும் தாழ்ந்த சமவெளி. அந்த வெள்ளத்தில் அங்கே கப்பல் கண்டெய்னர்களே மிதந்து நெடுஞ்சாலைக்கு வந்தன. முழங்காலளவு ஓடும் நீர் காரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அவசர உதவிக்குக் கைப்பேசியிலிருந்து 112, ஆம்புலன்ஸுக்கு 10177. கிங் ஷாக்கா விமான நிலையம் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தெற்கேயிருந்து போகும் என்2 சாலை உம்கேனி, உம்லோட்டி ஆறுகளைக் கடந்தே அங்கு சேர்கிறது. ஊர் திரும்பும் நாளுக்கு மழை எச்சரிக்கை இருந்தால், முந்தைய மாலையே உம்கேனிக்கு வடக்கேயுள்ள உம்ஷ்லாங்கா ரிட்ஜ் பக்கம் வந்து தங்கிவிட்டால், உம்கேனிப் பாலத்தை முன்பே கடந்துவிட்டிருப்பீர்கள்.